காலந்த்ராவும் நாவா இறக்கமும்

மொந்தொவி
7 அக்டோபர் 1973

அன்புள்ள எர்சிலியா அக்காவுக்கு,

நானும் மிரெல்லாவும் சுகமாக இருக்கிறோம். உன் மகள் நிவெஸ் எங்களோடு இருப்பதால் வீடு கலகலப்பாக இருக்கிறது. பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்துவிட்டு, சாயங்காலம் வந்து எங்கள் இருவரையும் மேய்க்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், நேரத்துக்குத் தூங்குகிறாள். நீ அங்கே ஒனேல்யாவில் கடலைப் பார்த்துக்கொண்டு அவளை நினைத்துக் கண்ணைக் கசக்க வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நான் ஒரு காலந்த்ரா வாங்கிவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் டூரின் கார் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் ஒரு வாரம் வேறு பேச்சே பேசாமல் உங்களையெல்லாம் வதைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதே வண்டி. அதே கருநீலம். நீளமான மூக்கு, இரண்டே கதவு, மரத்தில் கடைந்த ஸ்டியரிங், வால்நட் பலகையில் பதித்த வட்ட வட்ட மீட்டர்கள். கதவைத் திறந்தால் தோல் வாசனை முகத்தில் அடிக்கிறது. சாவியைத் திருப்பினால் முதலில் ஒரு இருமல், பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். மிலானில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பாரிஸில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறவர்களுக்காகச் செய்த வண்டி அக்கா இது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனான என் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

விற்றவர் ஆல்பாவில் பத்திரம் எழுதும் நோட்டரி. மிலான் நெடுஞ்சாலையைத் தாண்டி அதை வேறெங்கும் ஓட்டியதில்லையாம். சாவியைக் கொடுக்கும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "தம்பி, இது நேர்ச் சாலை வண்டி. மலைக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடாத" என்றார். மலையடிவாரத்தில் குடியிருக்கிறவனிடம் சொல்கிற சொல்லா இது? சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

உன் ஆசி வேண்டும்.

உன் அன்புத் தம்பி,
ஒரெஸ்தே


ஒனேல்யா
16 அக்டோபர் 1973

அன்புத் தம்பி ஒரெஸ்தேவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். படித்து முடித்ததும் மிரெல்லாவை நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பாவம் அவளுக்கு ஒரு சக்களத்தி. அதுவும் வயசான சக்களத்தி, சீமாட்டி வேறு. சமைக்கவும் மாட்டாள், துவைக்கவும் மாட்டாள், குடிப்பது மட்டும் பீப்பாய் பீப்பாயாக.

உனக்குப் பிடித்ததை நீ வாங்கினாய், நான் என்ன சொல்ல? ஆறு வயதில் அப்பாவின் சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்துப்போய் ஆற்றங்கரையில் விழுந்து, நெற்றியில் ரத்தத்தோடு வந்து, "வண்டி நல்லா ஓடுதுக்கா" என்று சொன்னவன் நீ. அப்போதும் உனக்கு நான்தான் மருந்து போட்டேன்.

இங்கேயும் ஒரு நல்ல சேதி. ஆலிவ் செக்கு வைத்திருக்கிறார்களே, அந்த வீட்டுப் பையன் இவோவுக்கு நிவெஸைக் கேட்டு வந்திருக்கிறார்கள். அவளுக்கும் சம்மதமாம். உன்னிடம் சொல்ல வெட்கப்படுவாள், நீயே கேட்டுக்கொள். வருகிற ஜூனில் செய்யலாம் என்று பேச்சு. அவள் அப்பா இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. தேவாலய வாசலிலிருந்து பீடம்வரை அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியவன் தாய்மாமன் நீதான். அதற்குள் அந்தச் சீமாட்டி உன் எலும்பை எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்.

ஆசிகளுடன்,
உன் அக்கா எர்சிலியா


மொந்தொவி
9 டிசம்பர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய்த் தட்டுப்பாட்டால் ஞாயிறுகளில் கார் ஓட்டக் கூடாதென்று சட்டம் போட்டுவிட்டார்கள் அல்லவா, ஊரே தெருவில் நடக்கிறது. டாக்டர் சைக்கிளில் போகிறார். பாதிரியாரைக் குதிரை வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். நான் முற்றத்தில் காலந்த்ராவுக்குள் சும்மா உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மிரெல்லா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பயமாக இருக்கிறது.

நிவெஸ் விஷயம் கேட்டு மனசு குளிர்ந்தது. அவளைக் கேட்டேன். காது மடல்வரை சிவந்துபோய்ச் சூப்பில் உப்பை இரண்டு தரம் போட்டாள்.

வண்டியின் குறைகளை நீ கேட்பாய். மறைக்காமல் சொல்கிறேன். கிளட்சை மிதிக்க ஒரு மாட்டின் பலம் வேண்டும். என் இடது தொடை பருத்துவிட்டது என்று மிரெல்லா கேலி செய்கிறாள். ஹீட்டரைப் போட்டால் பாதம் வேகிறது, தலை குளிரில் விறைக்கிறது. வலப்பக்கக் கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது, மழை வந்தால் நிவெஸ் குடை பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. பின் இருக்கையில் கைப்பையைத் தவிர யாரும் உட்கார முடியாது. கம்பெனி மூடிவிட்டதால் உதிரி பாகம் என்பதே கிடையாது. கதவுக் கைப்பிடி உடைந்ததற்கு, தேவாலய மணி வார்க்கும் பட்டறையில் போய் ஒன்று வார்த்து வாங்கினேன். அதைத் தட்டினால் மணிச் சத்தம் கேட்கிறது.

இன்னொன்று. மேலே அலுமினியத் தகடு, உள்ளே இரும்புக் குழாய். இரண்டும் ஒட்டுகிற இடத்தில் விரலை வைத்தால் துரு பொடிப்பொடியாக உதிர்கிறது. வெளியே பார்த்தால் முகம் தெரிகிற பளபளப்பு. இது பழைய வண்டிகளுக்கெல்லாம் உள்ளதுதான்.

ஏறும்போது சூடாகிறது. இறங்கும்போது பிரேக்கிலிருந்து ஒரு வாடை வருகிறது, முடி கருகுகிற மாதிரி. எடை அதிகம், வேறென்ன செய்யும்? போன வாரம் சேவாவுக்கு இறங்கும்போது ஒரு தரம் பெடல் தரைவரை போய்விட்டு, இரண்டாவது அழுத்தலில் திரும்பி வந்தது. சீமாட்டி என்னைச் சோதித்துப் பார்த்தாள் போல.

மிரெல்லா ஒரு காந்தத் தகடு வாங்கி டாஷ்போர்டில் ஒட்டினாள். எல்லார் வண்டியிலும் இருக்குமே, புனிதர் படம், குடும்பத்தார் போட்டோ, கீழே "வேகம் வேண்டாம், எங்களை நினை" என்று எழுத்து. வால்நட் பலகையில் கீறல் விழும் என்று எடுத்து டிராயரில் வைத்தேன். அதற்கு மிரெல்லா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வருடக் கடைசிச் சனிக்கிழமை வருகிறேன். உன்னைக் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுக் கூட்டிப்போகிறேன். அப்புறம் திட்டு.

உன் தம்பி,
ஒரெஸ்தே


ஒனேல்யா
8 ஜனவரி 1974

அன்புத் தம்பிக்கு,

நீ வந்துபோனதிலிருந்து தெருவில் எனக்குத் தனி மரியாதை. மீன்காரன் நல்ல மீனாகப் பொறுக்கிக் கொடுக்கிறான். "உங்க தம்பி மறுபடி எப்ப வர்றாரு?" என்று கேட்கிறான். உன்னை அல்ல, வண்டியைத்தான் கேட்கிறான் என்று எனக்குத் தெரியாதா?

மனசை மறைத்துப் பழக்கமில்லை, அதனால் சொல்கிறேன். கடற்கரைச் சாலையில் அந்தத் தோல் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தபோது, நான் துணி தைத்துப் பிழைக்கும் விதவை என்பது மறந்துபோயிற்று. சத்தமே இல்லாமல் கடல் பக்கத்திலேயே கூட வந்தது. நீ திரும்பிச் சிரித்தாய், பத்து வயசுப் பையனாகத் தெரிந்தாய். உன் பைத்தியம் எனக்குப் புரிந்தது ஒரெஸ்தே. புரிந்ததால்தான் பயமும் வந்தது.

நீ மலையிறங்கி வந்து வாசலில் நிறுத்தியபோது முன்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நீ அதை யாரும் பார்ப்பதற்குள் சிரித்துப் பேசி எல்லோரையும் வண்டியின் பின்பக்கம் அழைத்துப் போனாய். நான் முன்பக்கம்தான் நின்றிருந்தேன். மிரெல்லா இறங்கி, என்னைக் கட்டிப்பிடித்தவள் விடவேயில்லை. அவள் கை ஜில்லிட்டிருந்தது. திரும்பிப் போகும்போது அவள் ரயிலில் போனதற்குப் பல்வலியைக் காரணம் சொன்னாய். அவளுக்குப் பல்வலி இல்லை.

உன் அத்தான் இருபது வருஷம் எண்ணெய் லாரியை நாவா கணவாய் ஏற்றி இறக்கினவர். அவர் இருந்தால் உன்னிடம் பேசும் விதமே வேறு. நான் பெண்பிள்ளை, எனக்கு என்ன தெரியும் என்று நினைப்பாய். நேரான சாலையில் ஓட்டு, ஆசை தீர ஓட்டு. மலைக்கு வேண்டாம். நோட்டரியும் அதைத்தானே சொன்னார்.

மிரெல்லாவின் தகட்டை எடுத்து ஒட்டு. பலகையில் கீறல் விழுந்தால் விழட்டும்.

உன் அக்கா,
எர்சிலியா


மொந்தொவி
31 மார்ச் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை என்று கோபப்படாதே. குளிரில் வண்டியும் படுத்துவிட்டது, நானும் படுத்துவிட்டேன். எனக்குக் காய்ச்சல், அவளுக்கு கார்புரேட்டர். இப்போது இருவரும் எழுந்துவிட்டோம்.

ஒரு பெரிய கண்டுபிடிப்பு. நீ பயந்த இறக்கத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன்.

பழைய சின்ன ஃபியட்டில் நாங்கள் எல்லோரும் செய்வதுதான். மலை உச்சி வந்ததும் கியரை எடுத்துவிட்டு, இஞ்சினை அணைத்துவிட்டு, சும்மா உருள விடுவது. இந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் பியெமொந்தே முழுக்க அப்படித்தான் இறங்குகிறது. ஒரு சொட்டுச் செலவில்லை. போன சனிக்கிழமை நாவா உச்சிக்குப் போனேன். ஏறியதில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டு நின்றது. அங்கேயே இஞ்சினை அணைத்தேன், பிரேக்கை விட்டேன்.

அக்கா, அந்த மௌனத்தை உனக்கு எப்படிச் சொல்வது! இத்தனை பெரிய வண்டி, மூச்சுக்கூட விடாமல் கீழே இறங்குகிறது. காற்றும் சக்கரமும் தவிர ஒரு சத்தம் இல்லை. குயில் கூவினது கேட்டது. நிவெஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, பறக்கற மாதிரி இருக்கு" என்றாள். பியேவே வரை அப்படியே வந்து, அங்கே காபி குடித்தோம். இஞ்சின் குளிர்ந்து சாதுவாக இருந்தது.

ஒரே ஒரு விஷயம். இஞ்சின் ஓடாதபோது பெடல் முதல் இரண்டு அழுத்தலுக்கு வெண்ணெயாக இருக்கிறது, அப்புறம் கல்லாகிவிடுகிறது. பெரிய வண்டிகளில் பிரேக் பிடிக்க இஞ்சினும் கைகொடுக்கும்படி செய்திருப்பார்களாம். அது இல்லாவிட்டால் காலில் பலம் வேண்டும், அவ்வளவுதான். என் இடது தொடையைப் பற்றித்தான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேனே, இனி வலது தொடையும் பருக்கும்.

மிரெல்லா உனக்கு முத்தம் அனுப்புகிறாள்.

உன் தம்பி,
ஒரெஸ்தே


ஒனேல்யா
8 ஏப்ரல் 1974

ஒரெஸ்தே,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. இதை மட்டும் படி.

சின்ன ஃபியட் தகரடப்பா, காலை வெளியே ஊன்றினால்கூட நிற்கும். உன் சீமாட்டி யானைக் கனம். உன் அத்தான் புதிதாக வரும் டிரைவர் பையன்களுக்கு முதல் நாளே சொல்வது ஒன்றுதான்: "ஏறுன கியர்லயே இறங்கு. இஞ்சினை அணைச்சா பிரேக்கும் சேந்து செத்துப்போச்சுன்னு வெச்சுக்க." என் காதால் நூறு தரம் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நீயும் கேட்டிருக்கிறாய். அன்றைக்கு உன் கவனம் டூரின் கண்காட்சியில் இருந்திருக்கும்.

கூட என் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு இதைச் செய்தாயா? பறக்கிற மாதிரி இருந்ததாமா?

இனி அப்படி இறங்குவதில்லை என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

அக்கா


மொந்தொவி
2 ஜூன் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் தணியட்டும் என்றுதான் பொறுத்து எழுதுகிறேன். இங்கே கல்யாண வேலை மும்முரம். மிரெல்லா நிவெஸின் உடையில் முத்து தைத்துத் தைத்துக் கண் சிவந்து கிடக்கிறாள். விருந்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சர்க்கரை பூசிய பாதாமை வலைத்துணியில் கட்டிக் குவித்திருக்கிறோம். வீட்டில் நடக்க இடமில்லை.

என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். எனக்குப் பிள்ளை இல்லை. நிவெஸ் இந்த வீட்டில் மூன்று வருஷம் இருந்தாள். அவள் தலை நிமிர்ந்து போக வேண்டும் என்று எனக்கு ஆசை. செக்கு வீட்டுக்காரர்கள் வசதியானவர்கள், அப்பா இல்லாத பெண் என்று ஒரு கண் சாய்த்துப் பார்க்கக் கூடாது. 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமை நானே அவளைக் காலந்த்ராவில் நாவா வழியாக அழைத்து வருகிறேன். சனிக்கிழமை காலை உன் வாசலிலிருந்து தேவாலயம்வரை, வண்டியின் மூக்கில் வெள்ளை ரிப்பன் கட்டி, ஊரே பார்க்க ஊர்வலம். இறங்கி, கையைக் கொடுத்து, உள்ளே கூட்டிப்போவேன். இதற்காகத்தான் அந்த வண்டி என் கைக்கு வந்தது என்று சில சமயம் தோன்றுகிறது.

இஞ்சின் விஷயமாக நீ கேட்ட ஒரு வரி: நிதானமாக இறங்குகிறேன். போதுமா?

உன் தம்பி,
ஒரெஸ்தே


ஒனேல்யா
14 ஜூன் 1974

ஒரெஸ்தே,

போதாது. நிதானமாக இறங்குவேன் என்றுதானே எழுதினாய், அணைக்க மாட்டேன் என்று எழுதவில்லையே. உன்னை வளர்த்தவள் நான்.

நிவெஸ் எனக்கு எழுதிவிட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாதென்று கேட்டுக்கொண்டாள், நான் சொல்கிறேன். போன வாரம் மறுபடியும் அவளைக் கூட்டிப்போனாய். மறுபடியும் அணைத்தாய். கணவாய்க்குக் கீழே, கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கிற அந்த வளைவில், நீ இரண்டு காலாலும் பெடலில் எழுந்து நின்றாயாமே. வண்டி நிற்கவில்லை. சுவரைத் தேய்த்துக்கொண்டு போய்த்தான் வேகம் குறைந்தது. நீ இறங்கிப் பார்த்துவிட்டு, "பெயின்ட்தான் போச்சு, பரவால்ல" என்றாயாம். அவள் எழுதுகிறாள்: "மாமா மூஞ்சியில ரத்தமே இல்லம்மா. ஆனா கை மட்டும் அந்தக் கீறலையே தடவிக்கிட்டு இருந்துச்சு."

உனக்கு அவளும் வேண்டும், அதுவும் வேண்டும். எனக்கு அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

அதனால் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அவளும் மிரெல்லாவும் ரயிலில் வருகிறார்கள், டிக்கெட் எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். நீயும் அவர்களோடு ரயிலில் வா. தேவாலயம் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், நடந்தே போவோம். ஏழைப் பெண் நடந்து போனாள் என்று யாராவது சொன்னால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்த வண்டியோடு மட்டும் என் வாசலுக்கு வராதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன், கல்யாண நாள் என்றுகூடப் பார்க்க மாட்டேன்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே. பயத்தில் எழுதுகிறேன்.

எர்சிலியா


மொந்தொவி
21 ஜூன் 1974, வெள்ளி மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குள் நான் வந்து சேர்ந்திருப்பேன். நம் தபால்காரர்கள் எப்போது வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள், எப்போது இல்லை என்று யாருக்குத் தெரிகிறது? உன் வீட்டுக்குக் கீழே இருக்கும் புகையிலைக் கடைக்குப் போன் போட்டேன், மூடிவிட்டார்கள். ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

மத்தியானம் அவர்கள் ரயிலுக்குப் புறப்படும்போது நான் நடந்துகொண்ட விதம் நன்றாக இல்லை. "என் வண்டி வேணாம்னா நானும் வேணாம். செக்கு வீட்டு மாமன் யாராவது கையப் புடிச்சுக் கூட்டிப் போகட்டும்" என்று சொல்லிவிட்டேன். வண்டிக்கு உறையைப் போட்டு மூடி, சாவியை மிரெல்லா கையில் திணித்தேன். அவள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நிவெஸ் படியில் நின்று என்னையே பார்த்தாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர்கள் போனபின் வீட்டில் சுற்றிச் சுற்றி வந்தேன். மேஜையடியில் ஒரு முத்து கிடந்தது. அதைக் கையில் எடுத்ததும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. நாளைக் காலையில் அந்தப் பெண் தேவாலய வாசலில் நின்று பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கும்போது, அங்கே நான் இல்லாவிட்டால் என்ன ஆகும்? எவனோ ஒருவனின் மாமன் கைகொடுப்பானா? நான் சாகிறவரை அது என்னைத் தின்னும்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். இன்றைக்கு இனி ரயில் இல்லை. நாளை முதல் வண்டி சவோனாவில் காத்துக் கிடந்து வருவதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும். ஆகவே வேறு வழியில்லை அக்கா. இன்னொரு சாவி கடை டிராயரில் இருக்கிறது. ராத்திரியில் அந்த வளைவுகளில் இறங்க எனக்கே தைரியமில்லை, விடிந்ததும் புறப்படுகிறேன்.

பயப்படாதே, தனியாகத்தான் வருகிறேன். நிவெஸை மலைக்குக் கூட்டிப்போகாதே என்றாய், கேட்டுவிட்டேன். வண்டியை உன் வாசலுக்கும் கொண்டுவர மாட்டேன், துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன். எப்போதும்போல உச்சிக்குப் போவதற்குள் முள் சிவப்பில்தான் இருக்கும். அங்கே வண்டியைக் குளிரவிட்டு நிற்க நேரம் இருக்காது. கடைசி முறையாக அப்படியே சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறேன். வளைவு எது என்று எனக்கு இப்போது தெரியும். கல்யாணம் முடிந்ததும் நோட்டரிக்கே எழுதி, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். இதை மிரெல்லாவிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

என் கறுப்புக் கோட்டைத் தேய்த்து வைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிட்டாயா இல்லையா என்று வாசலிலேயே உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

உன் தம்பி,
ஒரெஸ்தே


ஒனேல்யா
23 ஜூன் 1974, ஞாயிறு காலை

ஒரெஸ்தே,

கல்யாணம் முடிந்துவிட்டது. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நிவெஸ் வாசலில் நின்றாள். "மாமா வந்துருவாரும்மா, கொஞ்சம் பொறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பாதிரியார் இரண்டு தரம் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். உள்ளே ஆர்கன் வாசிக்கிறவர் வாசித்ததையே திரும்ப வாசித்தார். மிரெல்லா தலையைக் குனிந்துகொண்டு, அவர்கள் புறப்படும்போது நீ சொன்னதை என் காதில் சொன்னாள். பெண்ணிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் இவோவின் மாமாதான் கையைக் கொடுத்தார். நல்ல மனுஷன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்போதும் அவள் திரும்பித் தெருவைத்தான் பார்த்தாள். பீடத்துக்குப் போய்ச் சேரும்வரை அழுதாள். பார்த்தவர்கள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

நான் கடுமையாகத்தான் எழுதினேன். அதற்கு என்னைத் தண்டித்திருக்கலாம். அவளை ஏன் தண்டித்தாய்? ஒரு வண்டியைக் குறை சொன்னதற்கு இத்தனை ரோஷமா? நேற்று சாயங்காலமும் இன்று காலையும் மிரெல்லா உன் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டாய், எனக்குத் தெரியும். சின்ன வயசில் கோபித்துக்கொண்டு பரணில் போய் உட்கார்ந்தால், இரண்டு நாளானாலும் கூப்பிட்ட குரலுக்கு வர மாட்டாய்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? நேற்று ஒர்மேயாவிலிருந்து வந்த இவோவின் சொந்தக்காரர்கள் விருந்துக்குப் பாதியில்தான் வந்து சேர்ந்தார்கள். நாவாவுக்குக் கீழே ஒரு வளைவில் கைப்பிடிச் சுவர் உடைந்து கிடக்கிறதாம், போலீஸ்காரர்கள் வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டார்களாம். லாரி ஏதாவது இடித்திருக்கும் என்று பேசிக்கொண்டார்களாம். மழையும் மூடுபனியுமாக இருந்ததில் பள்ளத்தில் ஒன்றும் தெரியவில்லை, இன்றைக்குக் கயிறு கட்டி இறங்கிப் பார்க்கப் போகிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு உன் நினைப்புத்தான் வந்தது, கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். மிரெல்லாதான் பையைத் திறந்து சாவியை எடுத்துக் காட்டினாள். "பாருங்க அண்ணி, வண்டிச் சாவி எங்கிட்டதான் இருக்கு. அவர் வீட்டுல படுத்துக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாரு" என்றாள். அதற்கப்புறம்தான் தட்டைத் திரும்ப எடுத்தேன். யார் பெற்ற பிள்ளையோ என்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். பார், அந்த வண்டி உன்னோடு வீட்டில் நிற்கிறது என்று தெரிந்தும் என்னை இப்படி ஆட்டி வைக்கிறது.

தபாலை நம்பி இதை அனுப்பப் போவதில்லை, மிரெல்லா கையில் கொடுத்தனுப்புகிறேன். நீயாக நாலு வரி எழுதும்வரை நான் இனி எழுத மாட்டேன். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், நிவெஸிடம் கேள்.

மிரெல்லா மாலை ரயிலில் வருகிறாள். பெட்டி கனமாக இருக்கிறது, ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துக்கொள். அதற்காவது நேரத்துக்குப் போ.

எர்சிலியா